மிளகைச் சேர்த்துக்கொள்ளுமா சீனியும் சுக்கும்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டில் சீனி, சுக்கு என்று இரண்டு பெண் கினிப்பன்றிகள் மூன்று ஆண்டுகளாக ஒன்றாக வளர்கின்றன. கல்லிடைக்குறிச்சியில் என் மதினி வீட்டிலும் ஒரு ஜோடி இருந்தது. அதில் ஆண் போன மாதம் இறந்துவிட்டது. மிளகு என்ற பெண் மட்டும் தனியாக நிற்கிறது. சரியாக இரை எடுப்பதில்லை, மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறது என்று மதினி அழுகிறார். அதை இங்கே கொண்டுவந்து இரண்டோடும் விட்டுவிடலாமா? சண்டை வந்தால் என்ன செய்வது?”

கொண்டுவாருங்கள். ஆனால் வந்த அன்றைக்கே ஒரே கூண்டில் விட்டுவிடாதீர்கள்.

தென்னமெரிக்க மலைப்பகுதியில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த இனத்தின் வழிவந்த பிராணி இது. தனியாக வளர்ப்பது இதற்குத் தண்டனைதான். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியை ஒற்றையாக வளர்க்கச் சட்டமே இடம் தருவதில்லை. ஆகவே மதினியின் கண்ணீரில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரை எடுக்காததைத் துக்கம் என்று மட்டும் நினைத்து விட்டுவிடக் கூடாது. இதன் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க வயிறு காய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. இன்றே சமையலறைத் தராசில் மிளகை நிறுத்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். நாள்தோறும் அதே நேரத்தில் நிறுக்க வேண்டும். 900 கிராம் இருந்தது 810-க்கு இறங்கினால் அதற்குமேல் காத்திருக்கக் கூடாது, மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

உங்கள் கேள்வியில் ஒரு சொல்லில் என் கண் நின்றுவிட்டது. இறந்தது ஆண் என்கிறீர்கள். அதற்குக் கருத்தடை அறுவை செய்திருக்காவிட்டால் மிளகு சினையாக இருக்கலாம். கினிப்பன்றியின் சினைக்காலம் 59 முதல் 72 நாள் வரை. ஆண் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றால், இன்னும் ஒன்றரை மாதம் வரை குட்டி பிறக்க வாய்ப்பு உண்டு. சினையாக இருக்கும் உடம்பைப் புதிய கூட்டத்தில் விட்டுத் துரத்தல், மோதலுக்கு ஆளாக்குவது தாய்க்கும் ஆபத்து, குட்டிக்கும் ஆபத்து. இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய வேறு மருத்துவரிடமோ காட்டி, ஸ்கேன் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சினை என்று தெரிந்தால் சேர்க்கும் பேச்சைத் தள்ளிவையுங்கள். பிறக்கும் குட்டிகளில் ஆண் எது என்று பார்த்து, மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும். தவறினால் அந்தக் குட்டியாலேயே தாய் மறுபடி சினையாகிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு காரியங்களைச் சேர்த்தே முடித்துவிடுங்கள். மிளகு பெண்தானா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். கடையில் ஆண் பெண் மாற்றிச் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த ஆண் எப்படி இறந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சிரைப்பு, மூக்கில் சளி, தோலில் பொருக்கு என்று ஏதாவது இருந்ததா? மருந்து எழுதும்போது கினிப்பன்றிக்கு என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நமக்குச் சாதாரணமான அமாக்சிசிலின், பென்சிலின் இதன் குடலைக் கெடுத்துக் கொன்றே விடும்.

வந்ததும் மூன்று வாரம் தனி அறை. இதைக் குறைக்க வழியில்லை. பூச்சிச் சொறியும் படர்தாமரையும் முதலில் கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது மூன்றுக்கும் பரவியிருக்கும். சீனிக்கும் சுக்குக்கும் முதலில் தீனி வைத்துவிட்டு, கடைசியாக மிளகிடம் போய், திரும்பும்போது கையைக் கழுவுங்கள். தனி அறை என்பதால் ஆளரவமே இல்லாத அறையில் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் ஓசைக்கு அது ‘வீக் வீக்’ என்று குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. குடைமிளகாய், நெல்லிக்காய்த் துண்டு தினமும் கொஞ்சம் கொடுங்கள். நம்மைப் போலவே இதன் உடம்பாலும் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாது.

மூன்று வாரம் கழிந்து, உடம்பில் குறையில்லை என்றால் கம்பி வலை நடுவில் இருக்கும்படி இரண்டு கூண்டுகளையும் ஒட்டி வையுங்கள். வலையின் இருபுறமும் புல் போடுங்கள். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் தின்னட்டும். விரிப்புத் துணிகளை மாற்றிப் போட்டால் வாடை பழகும். இப்படி ஒரு வாரம்.

சேர்க்கும் நாள் உங்களுக்கு வேறு வேலை இல்லாத நாளாக இருக்க வேண்டும். வெப்பம் 27 டிகிரிக்கு மேல் போனாலே இவை தவிக்கும், நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். விடிந்ததும் தொடங்குங்கள். மூன்றில் ஒன்றுகூட இதுவரை நடமாடாத இடம் வேண்டும். பட்டாசலில், அதாவது கூடத்தில் ஒரு மூலை, இல்லாவிட்டால் வீட்டு முன்பக்கத் தார்சா. வழுக்காமல் இருக்கப் பழைய போர்வையை விரியுங்கள். ஒரே வாசல் உள்ள பெட்டி எதுவும் வேண்டாம், உள்ளே மாட்டிக்கொண்டதுதான் கடிபடும். புல்லை ஒரே குவியலாக வைக்காமல் ஐந்தாறு இடங்களில் பரப்பிப் போடுங்கள். அருகம்புல் நல்லது, மாட்டுக்குப் போடும் கினிப்புல் கிடைத்தால் அதுவும் நல்லது. மருந்தடித்த வயல் புல் மட்டும் கூடாது. மூன்றையும் ஒரே நேரத்தில் இறக்கிவிட்டுத் தள்ளி உட்காருங்கள்.

இனிமேல் நீங்கள் காணப்போவது பாதி நாடகம் என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சுக்கு அடித்தொண்டையில் ‘டுர்ர்ர்’ என்று உறுமியபடி, பின்புறத்தை இருபக்கமும் அசைத்து மெல்ல மெல்ல நடக்கும். இரண்டு எதிரெதிரே நின்று மூக்கை மேலே தூக்கி, யார் உயரம் என்று அளந்து பார்க்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும், துரத்தும், வாயில் ஒரு கொத்து முடியோடு நிற்கும். பல்லை நறநறக்கும். இவ்வளவும் யார் மூத்தவள் என்ற பேச்சுவார்த்தை. மிளகு தலையைத் தாழ்த்தி விலகிப் போனால் பேச்சு முடிந்தது என்று பொருள். நான் முதன்முதலில் சேர்த்தபோது பல் நறநறத்ததுமே பயந்து, புதியதைத் தூக்கிவிட்டேன். மறுநாள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது, முன்னைவிடக் கடுமையாக. பேச்சை நடுவில் அறுத்தால் அவை முடிவுக்கு வர முடியாது.

தலையிட வேண்டிய நேரமும் உண்டு. இரண்டு நேருக்கு நேர் அசையாமல் நின்று, பிடரி மயிர் சிலிர்த்து, தலையை உயர்த்தி, பல்லை விடாமல் நறநறத்தால் எழுந்து தயாராகுங்கள். உருண்டையாகக் கட்டிப் புரண்டாலோ இரத்தம் கண்டாலோ பிரித்துவிட வேண்டியதுதான். வெறுங்கையை நுழைக்காதீர்கள், கடி ஆழமாக இறங்கும். ஒரு முறத்தை இடையில் செருகுங்கள், அல்லது கனத்த துண்டை மேலே போட்டு ஒன்றை எடுங்கள். அதன் பிறகு சில வாரம் மறுபடி வலைக்கூண்டு.

மூன்று நான்கு மணி நேரம் கழித்து மூன்றும் புல்லைத் தின்றபடி, ஒன்று காலை நீட்டிப் படுத்துவிட்டால் கூண்டுக்கு மாற்றலாம். அதற்குள் பழைய கூண்டை வினிகர் கலந்த நீரில் கழுவி, உள்ளே இருப்பதையெல்லாம் இடம் மாற்றிவைத்திருக்க வேண்டும். சீனியின் வீடு என்ற வாடை போக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். மூன்றுக்கும் குறைந்தது ஆறடிக்கு இரண்டடித் தரை வேண்டும். கடையில் விற்கும் பறவைக்கூண்டு இதற்கு ஆகாது. தண்ணீர் பாட்டில், தீனித் தட்டு, இரண்டு வாசல் உள்ள மறைவிடம் எல்லாம் மும்மூன்று வேண்டும்.

ஓரிரு வாரம் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென ஒரு நாள் மறுபடி உறுமலும் துரத்தலும் கிளம்பும். ஏறத்தாழ 16 நாளுக்கு ஒருமுறை பெண்ணுக்குப் பருவம் வரும், ஒரு நாளில் அடங்கிவிடும். அதைப் பார்த்துப் பிரித்துவிடாதீர்கள். நான் அஞ்சுவது சத்தமில்லாத ஒதுக்கலுக்குத்தான். மிளகு மறைவிடத்தை விட்டு வராமல், புல்லருகே போகும்போதெல்லாம் விரட்டப்பட்டு, தராசில் எடை இறங்கிக்கொண்டே போனால், இந்தக் கூட்டம் அதற்கு வேண்டாம். வலை நடுவில் இருக்க அடுத்தடுத்த கூண்டில் வாழட்டும். குரலும் வாடையும் கிடைக்கும், தனிமை இராது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடச் சொல்லுங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி, உள்ளே இரண்டு துண்டு வெள்ளரிக்காய். பழைய கூண்டின் விரிப்பைத் துவைக்காமல் ஒரு துண்டு கிழித்துக் கூடவே போட்டு அனுப்பட்டும். தனி அறையில் இருக்கும் அந்த மூன்று வாரமும் மிளகு படுத்துக்கொள்ள அது இருக்கட்டும்.