பழைய ஆம்ப்ளிஃபயரில் கரகரப்பு, ஒரு பக்க ஒலி விட்டு விட்டு வருகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கோத்தகிரியில் வீடு காலி செய்தவர்களிடம் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கினீர்கள். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது. ஒலியைக் குறைத்து வைத்தால் இடப்பக்கம் அடங்கிவிடுகிறது, கூட்டினால் திரும்பி வருகிறது. கடைக்காரர் ‘போர்டே போய்விட்டது’ என்கிறார். இதுதானே கேள்வி?

போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். ‘கூட்டினால் திரும்பி வருகிறது’ என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. எங்கோ ஒரு தொடுமுனையில் மெல்லிய படலம் படிந்திருக்கிறது. சிறிய மின்னழுத்தம் அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும், பெரியது உடைத்துக்கொண்டு போய்விடும்.

நான் குன்னூர்க்காரன். பழைய ஆடியோ கருவிகளைக் குடைவது எனக்குத் தொழில் அல்ல, கிறுக்கு. அக்டோபரில் தொடங்கும் மழை டிசம்பர் வரை நம் பக்கம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்: ஜன்னலைத் திறந்தால் மேகம் கூடத்துக்குள் வந்து உட்காரும். பித்தளை விளக்கில் ஏறும் களிம்பும் வெள்ளிக் கொலுசில் ஏறும் கறுப்பும் ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் ஏறும்.

திறப்பதற்கு முன் பழுது எந்தப் பக்கம் என்று பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் இட, வல ஸ்பீக்கர் கம்பிகளை இடம் மாற்றி மாட்டுங்கள். அதே ஸ்பீக்கர்தான் அடங்குகிறது என்றால் குற்றம் ஸ்பீக்கரிலோ அதன் கம்பியிலோ. இப்போது மற்ற ஸ்பீக்கர் அடங்கினால் குற்றம் ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்னாலோ. அடுத்து பாட்டுக் கருவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஒயர்களை அதே போல மாற்றிப் பாருங்கள். கையோடு எல்லா பிளக்குகளையும் பத்துப் பதினைந்து முறை செருகி உருவுங்கள்; உரசலிலேயே பாதிக் களிம்பு போய்விடும். முன்பக்கத்து செலக்டர், டேப் மானிட்டர் சுவிட்சுகளையும் அப்படியே பலமுறை அசையுங்கள். இவ்வளவுக்கும் காலணா செலவில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் ரிலே, அதாவது மின்காந்தத்தால் தானே மூடித் திறக்கும் சுவிட்ச். சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் ‘டிக்’ என்று கேட்கிறதா? ஸ்பீக்கரைக் காக்கும் ரிலே அது. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். ஆகவே மூடியைத் திறந்ததும் கையை விடாமல், மல்டிமீட்டரில் ஓரிரு வோல்ட்டுக்கு இறங்கிவிட்டதா என்று அளந்து பாருங்கள். ரிலேயின் உறையைக் கழற்ற முடிந்தால், விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, தொடுமுனைகளுக்கு நடுவே இழுங்கள். கறுப்பு கார்டில் ஒட்டிக்கொண்டு வரும். உப்புத்தாள் கூடவே கூடாது, மேல்பூச்சு போய்விடும்.

கரகரப்பு வேறு சங்கதி. வால்யூம் கண்ட்ரோலுக்குள் கரிப்பூச்சுப் பட்டை ஒன்று, அதன் மேல் நகரும் உலோக நாக்கு ஒன்று. இடையே அழுக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அதன் கால்கள் அருகே உள்ள இடுக்கில் கொஞ்சமாக அடித்து, குமிழை முப்பது தடவை கோடிக்குக் கோடி திருப்பி, நன்றாக உலரவிடுங்கள். துரு நீக்கும் எண்ணெய் வேண்டாம். நான் ஒருமுறை அதை அடித்துவிட்டு ஒரு வாரம் பெருமையாகத் திரிந்தேன். பிறகு அந்த எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டி, முன்பைவிட மோசமாகி, கண்ட்ரோலையே மாற்ற வேண்டியதாயிற்று. சுத்தம் செய்தும் கரகரப்பு நிற்கவில்லை என்றால், பக்கத்துக் கெப்பாசிட்டர் நேர்மின்சாரத்தை (DC) கசியவிடலாம். அப்போது எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை, கெப்பாசிட்டரைத்தான் மாற்ற வேண்டும்.

பெட்டியைத் தட்டினால் ஒலி மாறுகிறதா? அப்படியானால் போர்டின் அடிப்பக்கத்தில், பின்புற சாக்கெட்டுகளும் கனமான பாகங்களும் இருக்கும் இடங்களில், ஈயத்தைச் சுற்றி முடி போன்ற வட்ட வெடிப்பைத் தேடுங்கள். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு 60/40 ஈயத்தை (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்த பற்றவைப்புக் கம்பி) புதிதாக வைத்தால் சரியாகிவிடும்.

மழை மாதங்களில் அதை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். துணி பூசணம் பிடிக்காமலிருக்க பீரோவுக்குள் சின்ன குண்டு பல்பை எரியவிடுவோமே, அது போல ஆம்ப்ளிஃபயரையும் தினம் ஒரு மணி நேரம் பாடவிடுங்கள், சூட்டில் ஈரம் போய்விடும். ரிலேயைச் சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களை இங்கே எழுதுங்கள். மாற்று ரிலே எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.