எலும்பை வெட்டக் கம்ப்யூட்டர் கட்டாயமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருக்கிறது. காலை எடுக்க வேண்டாம், கட்டி உள்ள எலும்பை மட்டும் மூட்டோடு வெட்டியெடுத்துச் செயற்கை மூட்டு வைக்கலாம் என்கிறார் டாக்டர். கம்ப்யூட்டர் உதவியோடு வெட்டினால் மூட்டே தப்பிக்கும் என்கிறார் உறவினர் ஒருவர். அந்த வசதி உள்ள இடத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு அளவைக் கேளுங்கள். எம்ஆர்ஐ படத்தில், கட்டியின் மேல் எல்லைக்கும் மூட்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் நல்ல எலும்பு மிஞ்சியிருக்கிறது? உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

வளரும் பிள்ளைகளின் எலும்பில், மூட்டுக்குச் சற்றுத் தள்ளி வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி) இருக்கும். கட்டி அதைத் தாண்டாமல் நின்றிருந்தால், மூட்டை ஒட்டிய எலும்புத் துண்டை விட்டுவைத்து வெட்ட முடிகிற வாய்ப்பு உண்டு. ஆனால் வெட்டு சற்றுக் கீழே இறங்கினால் ரம்பம் கட்டிக்குள் போய்விடும். சற்று மேலே ஏறினாலோ, மிஞ்சும் துண்டில் திருகாணி பிடிக்க இடம் இருக்காது. இந்த மாதிரி இடத்தில் கம்ப்யூட்டர் உண்மையிலேயே கைகொடுக்கும். கட்டி ஏற்கெனவே மூட்டை நெருங்கிவிட்டது என்றால், எந்தக் கருவியாலும் அந்த மூட்டைக் காப்பாற்ற முடியாது. அப்போது மிஞ்சுவது கீழே எலும்புத் தண்டில் போடும் ஒரே ஒரு குறுக்கு வெட்டு. எம்ஆர்ஐயில் அளந்த நீளத்தை ஸ்கேலால் எலும்பில் குறித்து, அனுபவமுள்ள சர்ஜன் அதைச் சரியாகவே வெட்டிவிடுவார்.

கம்ப்யூட்டர் வழிகாட்ட வெட்டும் இந்த முறைக்கு நேவிகேஷன் என்று பெயர். அது இப்படித்தான் நடக்கும்: சிடி, எம்ஆர்ஐ இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, வெட்டும் கோட்டை முன்கூட்டியே வரைந்துவிடுவோம். ஆபரேஷனின்போது சிறு உருண்டைகள் கொண்ட ஒரு சட்டத்தை எலும்பில் திருகுவோம். அகச்சிவப்புக் கேமரா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு கூர்முனைக் கருவியால் எலும்பைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு, 'திரையில் தெரியும் எலும்பு இதுதான்' என்று கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்ட வேண்டும். ரம்பத்தை எடுக்கும் முன் நான் எலும்பின் ஒரு விளிம்பைத் தொட்டுப் பார்ப்பேன். கருவியின் முனை எலும்பில் பட்டிருக்க, திரையில் அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி அந்தரத்தில் நின்றால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். யாருடைய முழங்கையாவது அந்தச் சட்டத்தில் இடித்துவிட்டாலும் அதே கதிதான்.

இன்னொரு வழி, பிள்ளையின் எலும்புக்கென்றே 3டி பிரிண்டரில் செய்த ஜிக். அதை எலும்பின்மேல் பொருத்தி, அதிலுள்ள பள்ளத்தின் வழியே ரம்பத்தை ஓட்டலாம். வேலை சுலபம்தான். ஆனால் அது உட்கார எலும்பின் மேற்பரப்பைத் தசை நீக்கித் திறக்க வேண்டும். கட்டி வெளியே பிதுங்கியிருக்கும் பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது.

இந்தக் கருவிகளுக்கு அதிக மதிப்பு இடுப்பெலும்பில்தான். 2008-இல் வெளியான ஒரு சோதனையில், அனுபவமுள்ள நான்கு சர்ஜன்கள் மாதிரி இடுப்பெலும்புகளில் கைக்கணக்கில் வெட்டினார்கள். கட்டிக்கும் வெட்டுக்கும் நடுவில் 10 மில்லிமீட்டர் நல்ல எலும்பு இருக்க வேண்டும், 5 மில்லிமீட்டர் கூடக்குறைய இருக்கலாம் என்பது இலக்கு. அதை எட்டும் வாய்ப்பு 52 சதவீதம்தான் இருந்தது. வளைந்தும் சரிந்தும் கிடக்கும் எலும்பு அப்படி ஏமாற்றும். கால் எலும்புத் தண்டு நேரானது, அவ்வளவு படுத்தாது.

உறவினர்கள் யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குத் தெரிவது எலும்பு மட்டும். தசையும் ரத்தக்குழாயும் நரம்பும் கத்தி பட்டதும் நகரும். ஸ்கேனில் இருந்த இடத்தில் இருக்காது. கட்டியைச் சுற்றி நல்ல தசை ஓர் உறையாக ஒட்டியிருக்கும்படி, அதை உடைக்காமல் முழுசாக எடுப்பது சர்ஜனின் கையில்தான் இருக்கிறது. அதனால் கருவி இருக்கிறதா என்று கேட்கும் முன், எலும்புக் கட்டி ஆபரேஷன் அங்கே அடிக்கடி நடக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு கவலை நாள். ஆஸ்டியோசர்கோமாவுக்குப் பொதுவாகப் பத்து வாரம் போலக் கீமோ கொடுத்த பிறகு ஆபரேஷன். ஜிக் தயாராகவோ புது இடத்தில் தேதி கிடைக்கவோ அந்தத் தேதி தள்ளிப்போகக் கூடாது. கீமோவை நிறுத்தாமல், இந்த வாரமே இரண்டாம் கருத்து கேட்டுவிடுங்கள். போகும்போது கீமோவுக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ, பின் எடுத்தது இரண்டையும் டிஸ்க்கில் வாங்கிப் போங்கள். ஃபிலிமை மட்டும் கொண்டுபோனால் அந்த மில்லிமீட்டரைத் துல்லியமாக அளக்க முடியாது.