‘முப்பது சதவீதம்தான் மீதி’: எதில் முப்பது?

கேள்வி: என் சிறிய பெட்ரோல் கார் 36,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில், “முன்சக்கர பிரேக் பேட் முப்பது சதவீதம்தான் மீதி, இப்போதே மாற்றிவிடுங்கள், டிஸ்க்கையும் சேர்த்து மாற்றினால் நல்லது” என்கிறார்கள். சத்தமோ குறையோ எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி இதே மாடல் காரில் 60,000 தாண்டியும் பேட் மாற்றவில்லை. நாங்கள் மாதம் மூன்று நான்கு முறை செங்கோட்டை வழியாகப் புனலூர் போய் வருகிறோம். என்னை ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சதவீதக் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டு பணத்தை எடுக்காதீர்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு; பேட் என்பது அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை. புதுப் பேடில் உராய்ந்து தேயும் பகுதி பெரும்பாலான சிறிய கார்களில் 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். அவர்கள் சொன்ன முப்பது மொத்தப் பத்தில் முப்பது என்றால் மீதி 3. இன்றே மாற்ற வேண்டியதுதான். தேய விடக்கூடிய ஏழில் முப்பது என்றால் இன்னும் 2 தேயலாம், எல்லையான 3-ஐயும் சேர்த்தால் மீதி 5; அவசரமே இல்லை. எந்த முப்பது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, உங்கள் கண் முன்னால் அளந்து, மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

5 மி.மீ. இருந்தால், 36,000 கிலோமீட்டரில் ஐந்து தேய்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு தேய 14,000 ஆகும். அடுத்த சர்வீஸ் வரை கவலையில்லை. 4 மி.மீ. என்றால் கணக்கு மாறுகிறது: ஒரு மில்லிமீட்டருக்கு 6,000. அடுத்த சர்வீஸ் 10,000 கழித்துத்தான் என்றால் நடுவிலேயே எல்லை தாண்டிவிடும். மலைப்பாதையில் போய்வரும் குடும்பத்துக்கு அப்போது மாற்றிவிடச் சொல்வதில் தவறில்லை.

அண்ணாச்சியின் காரோடு ஒப்பிடாதீர்கள். அவர் நான்கு வழிச்சாலையில் நாகர்கோவில் பக்கம் போகிறவராக இருந்தால் நாங்குநேரி சுங்கச்சாவடியில்தான் பிரேக்கில் கால் வைப்பார். உங்களுக்கோ போகும்போது ஆரியங்காவிலிருந்து தென்மலை வரை இறக்கம், திரும்பும்போது புளியரை ‘எஸ்’ வளைவு, அதிலும் பாரம் ஏற்றிய லாரிகளின் பின்னால் ஊர்ந்து வர வேண்டும். ஒரே கார், ஒரே பேட், ஒருவருக்கு 30,000, இன்னொருவருக்கு 60,000 என்பது சாதாரணம். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர்தான் பேடைக் கரைக்கிறார். கருகிய வாசனை வந்தால் பத்திரமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, விரிசல் விழும்.

சக்கரத்தைக் கழற்றியே பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. சக்கரத்தின் இடுக்கு வழியாகச் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்து, வெளிப்பக்கப் பேட் தடியாக இருக்கிறது என்று சில மாதங்கள் நிம்மதியாக ஓட்டினேன். கழற்றியபோது உள்பக்கப் பேடில் வெறும் இரும்புத் தகடுதான் இருந்தது. காலிபர், அதாவது பேட்களை அழுத்தும் கவ்வி, நகர வேண்டிய இரும்பு ஊசியில் கிரீஸ் காய்ந்து இறுகி, ஒரு பேடே எல்லாச் சுமையையும் தாங்கியிருக்கிறது. ஆகவே உள்பக்கத்தைப் பாருங்கள். பேடின் முதுகில் இருக்கும் இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்துவிடாதீர்கள். கருவி இல்லையென்றால் ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கிப் பிடியுங்கள். ஏறக்குறைய 3 மி.மீ. வரும்.

டிஸ்க் விஷயத்தில் மட்டும் எனக்கும் சந்தேகம்தான். டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் உண்டு. பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அளந்து அதைவிடக் குறைந்திருந்தால், ஆழமாகக் கோடு விழுந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிர்ந்தால் மாற்றலாம். ‘மாற்றினால் நல்லது’ என்பது காரணம் ஆகாது. பேட் மாற்றும்போது இடம் வலம் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்; அதில் பேரம் வேண்டாம்.

பில்லில் ஒன்றைக் கவனியுங்கள். பேட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. போட்டால் கேளுங்கள், கூலிக்கு வரி தனி. கழற்றிய பழைய பேடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் மாற்றிப் பணம் வாங்கிவிட்டார்கள் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

கேள்வி: குற்றாலச் சாரல் காலத்தில் இரவு வெளியே நிறுத்திய காரைக் காலையில் எடுத்தால், முதல் இரண்டு பிரேக்குக்கு ‘கர்’ரென்று உரசுகிறது. பிறகு சத்தமில்லை. பேட் போய்விட்டதா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை. ஈரத்தில் டிஸ்க்கின் மேல் மெல்லிய துரு படிந்திருக்கும். இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் போய்விடும். வெயில் நாளிலும் விடாமல் மெல்லிய ‘கீச்’ கேட்டால்தான் கவனம் வேண்டும். பல பேட்களில் தேய்மானத்தை அறிவிக்கச் சிறு தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அது டிஸ்க்கில் உரசும் சத்தம் அது. அதையும் விட்டால் ‘கரகர’வென்று இரும்போடு இரும்பு அரைக்கும், டிஸ்க்குக்கும் சேர்த்துச் செலவு வரும்.

கேள்வி: பிரேக் ஆயில் அளவு குறைந்திருந்தது. பெட்ரோல் பங்கில் ஊற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், ஆலங்குளம்

பதில்: ஊற்றுமுன் பேடைப் பாருங்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும். நிரப்பிவிட்டால், புதுப் பேட் போடும்போது, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியதும் வழிந்து பெயின்ட்டைக் கெடுக்கும். பேட் தடியாக இருந்தும் மட்டம் இறங்கினால் எங்கோ கசிவு, வண்டியை எடுக்காதீர்கள். பேட் மாற்றி வாங்கிய நாளில், ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டும் முன் பெடலை நான்கைந்து முறை மிதித்து, அது கெட்டிப்பட்ட பிறகு நகருங்கள். முதல் மிதியில் அது தரை வரை போகும்.