சாமியாடும் கோயில்

கேள்வி: குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணிக் கரையில் நின்று தினமும் போனில் எடுத்தேன். 150 படம். டைம்லாப்ஸாக, அதாவது வரிசையாக வேகமாக வீடியோபோல் ஓட்டினால் கோயிலே சாமியாடுகிறது! என்ன செய்ய, அண்ணாச்சி?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கையில் பிடித்து எடுத்தால் ஆடத்தான் செய்யும், தம்பி. எங்கள் வயலை நாற்றிலிருந்து அறுப்பு வரை எடுத்து நானும் இப்படித்தான் முழித்தேன். ஹியூகின் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரே படத்தை ஆதாரமாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதோடு பொருத்துங்கள். முந்தைய நாள் படத்தோடு பொருத்திக்கொண்டே போனால் சிறு பிழைகள் சேர்ந்து, கோயில் மெல்ல நகர்ந்துவிடும். இரண்டு படத்திலும் ஒரே இடத்தைக் காட்டும் பொருத்தப் புள்ளிகளைக் கல்மண்டப மூலைகளில் வையுங்கள். தண்ணீரிலும் மரக்கிளையிலும் வேண்டவே வேண்டாம். பொருத்திய பிறகு ஓரத்தில் கறுப்பு தெரியும், வெட்டிவிடலாம். ஆனால் நீங்கள் நின்ற இடமே மாறியிருந்தால் எந்த மென்பொருளும் முழுசாகச் சரிசெய்யாது. அப்புறம், நொடிக்கு 25 படம் என்றால் 6 நொடியில் தீர்ந்துவிடும். 10 வையுங்கள்.