மேஸ்திரியைக் கேளுங்கள்: ரப்பீஸை எங்கே தட்டுவது?

கேள்வி: தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறோம். ரப்பீஸை வாய்க்கால் ஓரம் தட்டிவிடலாம் என்கிறார் டிராக்டர்காரர். எந்திரக் கை ஒன்று இடிபாட்டிலிருந்து மரம், கல், இரும்பு எனப் பொறுக்குவதை வீடியோவில் பார்த்தேன். நம் பக்கம் அது வந்தால் மொத்தமாக அள்ளிக் கொடுத்துவிடலாம் இல்லையா?
- வாசகி, திருவையாறு

பதில்: அம்மா, முதலில் டிராக்டர்காரரைத் திருப்பி அனுப்புங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் வாய்க்காலோரம் நாலு லோடு தட்டியவன்தான். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் அத்தனையும் சரிந்து மதகில் அடைத்துக்கொண்டது. கடைமடைக்காரர்கள் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். மண்வெட்டியோடு இறங்கி நானே வாரினேன்.

அந்த எந்திரம் கெட்டிக்காரத்தனமானதுதான். ஓடும் பெல்ட்டுக்கு மேலே காந்தம் கம்பியை இழுத்துவிடும். காற்று பேப்பரையும் பிளாஸ்டிக்கையும் தள்ளிவிடும். மரமா, பிளாஸ்டிக்கா, ஜிப்சமா என்பதை அகச்சிவப்புக் கதிர் பார்த்துச் சொல்ல, கை பொறுக்கும். கான்கிரீட்டை உடைத்துச் சலித்தால் ஜல்லி. கான்கிரீட்டில் போடும் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 383, 2016-லேயே இதை ஏற்றுக்கொண்டுவிட்டது: கம்பி போடாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம்25 என்ற வலுத்தரம் வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை கலக்கலாம். தில்லி புராரியில் 2009 முதலே இடிபாட்டை ஜல்லியாக்கும் ஆலை ஓடுகிறது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உண்டு.

ஆனால் ஜேசிபி விட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிய பிறகுதான் அந்த எந்திரத்துக்கே வேலை. உங்கள் வீடு சுண்ணாம்புக் காரை வீடாகத்தான் இருக்கும். கரண்டியால் நாலு தட்டு தட்டினால் காரை உதிர்ந்து செங்கல் முழுசாகக் கைக்கு வரும். சிமெண்ட் சுவரில் அது நடக்காது. கல் உடையும், சிமெண்ட் விடாது. அதனால் ஆள் விட்டுப் பிரியுங்கள். ஓடு, ரீப்பர், கைமரம், நிலை, கதவு, கடைசியாகச் சுவர். தேக்கு என்றால் மரக்கடைக்காரரே தேடி வருவார், முதல் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். உடைந்த செங்கலை ஜல்லியாக அடித்து, புது வீட்டு மாடித் தளத்துக்குச் சுண்ணாம்போடு போடலாம். மிச்சக் காரையும் மண்ணும் உங்கள் பேஸ்மட்டத்துக்கே போதாது.

மாட்டுக்கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் மட்டும் உடைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, முழுசாகக் கழற்றித் தனியே வையுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.