ஹைட்ரஜன் எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல பாருங்க தம்பி

தம்பி, விஆர் ஹெட்செட் மாட்டி லாக்டிக் ஆசிட் மாலிக்யூலைச் சுத்திச் சுத்திப் பாத்தும் ஆர், எஸ் (ஒண்ணுக்கொண்ணு கண்ணாடிப் பிம்பமா இருக்கிற அதோட ரெண்டு வடிவத்துக்கு வச்ச பேரு) மாறி மாறி வருதுன்னு கேட்டிருக்கீங்க. நீங்க எண்ணுறது சரிதான், நிக்கிற இடந்தான் தப்பு. நடு கார்பன்ல ஒட்டியிருக்கிற நாலு கிளையில ஒண்ணான ஹைட்ரஜன் உங்க மூஞ்சியப் பாத்து இருந்தா எல்லாம் தலைகீழா வரும். நம்ம ஆத்தங்குடியில டைல்ஸ் போடுறதப் பாத்திருப்பீங்க, கண்ணாடி மேல அச்ச வச்சு கலரை ஊத்துறவங்களுக்குத் தெரியுறது பூவோட பின்பக்கம், கல்லைத் திருப்பினா வலஞ்சுழி இடஞ்சுழியாயிடும், அதேதான் இது. ஹைட்ரஜனுக்கு நேர் எதிர்ப்பக்கமா நீங்களே நடந்து போய் நின்னு மத்த மூணு கிளையை ஓஹெச், சிஓஓஹெச், சிஹெச்3னு வரிசையா எண்ணுங்க, கடிகாரம் சுத்துற பக்கம்னா ஆர், எதிர்ப்பக்கம்னா எஸ். அப்புறம் அதோட கண்ணாடிப் பிம்பத்தை இன்னொரு கையில எடுத்து இதுமேல பொருத்திப் பாருங்க, ரெண்டு கிளை சேரும், மத்த ரெண்டு எப்படித் திருப்பினாலும் இடம் மாறியேதான் நிக்கும்.