அட்டையில் வராத பத்தாம் வசனம்

கேள்வி: ஏனுங்க ஐயா, வேதத்தை அந்தந்தக் காலத்தோட வச்சுப் படிக்கோணும்னு விடாம எழுதறீங்க. அப்படி ஆராய்ஞ்சுட்டே போனா விசுவாசம் தங்குமாங்க? இந்த வருஷம் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. அதுவும் எனக்கில்லைன்னு சொல்லுவீங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அட்டை என்றீர்களே, அதைப் பேசுவோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்த அட்டைகள் இருக்கும் தட்டில் கைவிட்டு ஒன்றை எடுக்கிறோம். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வந்துவிட்டால் முகமெல்லாம் மலர்ச்சி. அதற்கு முந்தின வசனம் அச்சடித்த அட்டையை நான் பார்த்ததே இல்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகே உங்களைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்கிறது பத்தாம் வசனம். அதை முதலில் கேட்டவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊர் மண்ணை மறுபடி மிதிக்கப் போவதில்லை.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதாவின் ராஜாவையும் தச்சரையும் கொல்லரையும் பிடித்துக்கொண்டு போனான். அவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்ப வரும் என்கிறான். எரேமியா உடனே மறுக்கவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அந்த ஆமெனில் எத்தனை ஏக்கம்! அப்படி ஏங்கிய மனுஷன்தான் எழுபது என்று எழுத வேண்டி வந்தது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடியுங்கள், கொண்டுபோய் விடப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதினார். இந்த வருஷமே கடன் தீரும், விசா வரும் என்று பதினோராம் வசனத்தை மட்டும் அறுத்துக் கொடுக்கிறவர், எரேமியாவின் வாயில் அனனியாவின் பேச்சை வைக்கிறார்.

அட்டை உங்களுக்கும் உண்டு, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கடிதத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்து வந்து திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கிற பையனுக்கு அது நம்மைவிடச் சீக்கிரம் விளங்கும்.

விசுவாசம் தங்குமா என்கிறீர்கள். ஈரோட்டில் ஊழியம் செய்த வெளிநாட்டு மிஷனெரி எச். ஏ. பாப்ளி நம் சங்கீதத்தை முறையாகக் கற்று, 1921இல் அதைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டார். குறளில் தேர்ந்தெடுத்த பாக்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சுவிசேஷத்தை நம் ராகங்களில் பாடிச் சொல்ல ஆட்களைப் பழக்கினார். இவ்வளவு படித்தும் அவர் விசுவாசம் தேயவில்லை. (கீர்த்தனைகளை ஓரங்கட்டிவிட்டு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கும் சபைகளோடு எனக்குள்ள சண்டை உங்களுக்குத் தெரியும். அதை விடுவதாக இல்லை.)

பின்னணியோடு படித்தால் நம்முடைய சில சௌகரியங்கள் போகும். எனக்குத் தெரிந்து பயமெல்லாம் அதற்குத்தான். யாக்கோபு 5:4ஐ எடுங்கள். வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவியில் பட்டது என்கிறார். கொங்குச் சீமையில் இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்ததே. மூன்று வருஷம் விடுதியில் தங்கி மில்லில் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். உடம்புக்கு முடியாமல் நடுவில் வீடு திரும்பிய பலருக்கு அந்தப் பணம் கைக்கு வரவில்லை. ஏழையின் கூலியை அன்றன்றே, பொழுது இறங்குமுன் கொடு என்கிறது உபாகமம் 24:15. அந்த வருஷங்களில் நான் கேட்ட பிரசங்கம் எதிலும் இந்த இரண்டு வசனமும் வரவில்லை. வாக்குத்தத்தம் நிறைய வந்தது.

வருகிற டிசம்பர் 31 அன்று உங்கள் சபைத் தட்டில் யாக்கோபு 5:4 எழுதிய அட்டை ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தச் சபையின் பெயரை முதல் பக்கத்தில் போடுகிறேன்.